தொண்ணூற்றொன்பதில் நிற்றல்: ஒரு வட்டார ஆய்வு

காதுகுத்து டிவிடியை எம்பி4 ஆக்கும்போது கன்வெர்ட்டர் 99 சதவீதத்தில் நின்றுவிடுவது ஏன் என்பதில் இரு கொள்கைகள் உள. சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்பது விழுப்புரம் கொள்கை. வேறு கன்வெர்ட்டர் டவுன்லோடு பண்ணு என்பது திண்டிவனம் கொள்கை. ஊர்களுக்கு இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். கொள்கைகளுக்கு இடையே பாலமே இல்லை.

திண்டிவனத்தாரின் ஆதாரங்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் இலவசம், ஒவ்வொன்றும் முத்திரை குத்தும். குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கும். தாய்மாமன் முகத்தில் 'டிரையல் வெர்ஷன்' இருக்கும்.

லினக்ஸார் மூன்றாம் மரபினர். விழுப்புரத்தில் இவர்களுக்குப் பயனர் குழுவே உண்டு. 2000இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கன்வெர்ட்டரே இவர்களின் மூலநூல். அதிலும் 2011இல் வடகலை தென்கலைப் பிளவு நேர்ந்து லிப்ஏவி பிறந்தது. உபுண்டு லினக்ஸ் சில காலம் புதுக்கலையைத் தழுவி, 15.04 பதிப்பில் பழைய மடத்துக்கே திரும்பியது. இடைக்காலத்தில் பழைய கட்டளையைத் தட்டியவர்களுக்கு, அது வழக்கொழிந்தது என்ற உபதேசம் கிடைத்தது. வீடியோ கிடைத்ததா என்பது வேறு ஆய்வு.

இனி மூலம். எந்தப் படச்சட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைக்கு 'மூவ்' என்று பெயர். எம்பி4இல் வழக்கமாக அது கடைசியில்தான் எழுதப்படும். சில கன்வெர்ட்டர்கள் அதை முன்னுக்குக் கொண்டுவர முழுக் கோப்பையும் மறுபடி எழுதும். மெதுவான பென் டிரைவ் என்றால் கேட்கவே வேண்டாம். 99இல் பொறுமையிழந்து ரீஸ்டார்ட் செய்தால் படம் முழுதும் டிஸ்கில் இருக்கும், ஆனால் எந்தப் பிளேயரும் திறக்காது. எனவே விழுப்புரம் கொள்கை நோய்க்கு மருந்தன்று; நோயே அதுதான்.

பென் டிரைவே காரணம் என்பாரும் உளர். அதுவும் பொருந்தும். எஃப்ஏடி32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. கல்யாண வீடியோக்கள் தாலிகட்டில் நிற்காமல் பந்தியில் நிற்பதன் ரகசியம் இதுவென்க.

உண்மையில் பாதி வேலைக்குக் கன்வெர்ட்டரே வேண்டாம். டிவிடியில் உள்ள எம்பெக்-2 படத்தை அப்படியே எம்கேவி பெட்டிக்கு மாற்றலாம். சில நிமிட வேலை. விழுப்புரத்தில் ரயிலை விட்டிறங்கிப் பஸ் ஏறுகிறவர் வேட்டி மாற்றுவதில்லை. நம் கன்வெர்ட்டர்களோ ஒவ்வொரு பயணியையும் குளிப்பாட்டி, புதுச்சட்டை மாட்டித்தான் ஏற்றுகின்றன. எம்பி4 மட்டுமே வாசிக்கும் டிவி வைத்திருப்போர் அந்தக் குளியலுக்கு ஆளாகத்தான் வேண்டும்.

ஆகவே 99 வந்ததும் மவுஸைத் தொடாமல் டீ குடிக்கப் போவதே நெறி. டீக்காசு கன்வெர்ட் பண்ணும் கடைக்காரருடையதா, வாடிக்கையாளருடையதா என்பதில் மட்டும் இரு ஊராரும் ஒரே கொள்கையினர்: எதிராளியுடையது.