கதவு திறந்தாயிற்று, கேளுங்கள்!

இந்த வாரத் தபால் முழுக்க ஸ்கைடைவிங். கற்றுக்கொள்ளத் துடிக்கிறவர்கள் பாதி, அவர்களைத் தடுத்து நிறுத்த என்னைத் துணைக்குக் கூப்பிடுகிற பெற்றோர் பாதி. இரு தரப்புக்கும் ஒரே இடத்தில் பதில்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விமானத்திலிருந்து ஒருவன் எதற்காகக் குதிக்க வேண்டும்?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பறப்பதற்கு, ஐயா. விமானப் பயணத்தில் பறப்பது விமானம். நாம் உள்ளே உட்கார்ந்து முறுக்குத் தின்கிறோம். கதவைத் தாண்டினால் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுவோம். அந்த வேகத்தில் காற்று கெட்டிப்பட்டுவிடும், அதன் மேல் குப்புறப் படுக்கலாம். ஒரு முழங்கையைச் சற்றே தாழ்த்தினால் உடம்பு அந்தப் பக்கம் திரும்பும். காலை நீட்டினால் முன்னே நகரும்.

மனிதர்களுக்கு இது தெரியவந்து நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. உயரத்திலிருந்து விழுகிறவனுக்கு வழியிலேயே நினைவு தப்பிவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. 1919இல் லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர் விமானத்திலிருந்து குதித்து, கொஞ்ச தூரம் விழுந்து, பிறகு தன் கையாலேயே பாராசூட்டை விரித்துக் காட்டினார். அவருக்கும் முன்பே, 1914இல், டைனி பிராட்விக் என்ற இளம்பெண் சான் டியாகோவில் ராணுவத்துக்குப் பாராசூட் செய்முறை காட்டும்போது, விமானத்தோடு பிணைத்த கயிறு வாலில் சிக்கிக்கொண்டது. அடுத்த முறை அவர் கயிற்றை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டு குதித்து, மிச்சத்தைக் கையால் இழுத்துப் பாராசூட்டை விரித்தார். அந்தப் பெண்ணின் பெயரை நம் பாடப்புத்தகங்களில் பார்க்க எனக்கு ஆசை.

கேள்வி: என் மகன் 'டேண்டம்' என்கிறான், அவன் சிநேகிதன் 'ஏ.எஃப்.எஃப்.' என்கிறான். இரண்டில் எதற்கு நான் அதிகமாக அழ வேண்டும்?
- ஒரு அம்மா, திருச்சி

டேண்டத்துக்கு அழ வேண்டியதே இல்லை, அம்மா. பயிற்சியாளர் உங்கள் பையனைத் தன் மார்போடு நான்கு கொக்கிகளில் மாட்டிக்கொள்வார். அரைமணி நேரப் பாடம், சுமார் 13,000 அடி உயரம், முக்கால் நிமிடத்துக்கு மேல் வீழ்ச்சி, 5,000 அடியை ஒட்டிப் பாராசூட், அப்புறம் ஐந்தாறு நிமிடம் மிதந்து இறங்குவது. முடிவெடுப்பதெல்லாம் பின்னால் இருப்பவர். பையனுக்கு வேலை, இடுப்பை முன்தள்ளி வளைந்துகொடுப்பதும் இறங்கும்போது காலைத் தூக்கிக்கொள்வதும்.

ஏ.எஃப்.எஃப். வேறு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த பயிற்சி முறை. முதல் குதிப்பிலேயே பாராசூட் மாணவரின் சொந்த முதுகில் இருக்கும். இரண்டு பயிற்சியாளர்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். பாராசூட்டை விரிப்பது மாணவர், ஓட்டி இறக்குவதும் மாணவர். ரேடியோவில் குரல் மட்டும் துணைக்கு வரும். அதற்கு முன் தரையில் ஏறக்குறைய ஒரு முழு நாள் வகுப்பு. ஏழெட்டு நிலைகள் தாண்ட வேண்டும். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் 'ஏ' லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்புகள்.

என் யோசனை: பையன் முதலில் ஒரு டேண்டம் போகட்டும். இறங்கி வந்ததும் செல்ஃபி எடுக்கிறானா, பயிற்சியாளரைப் பிடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறானா என்று பாருங்கள். கேள்வி கேட்டால் ஏ.எஃப்.எஃப்.புக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஜயண்ட் வீலில் இறங்கும்போதே எனக்கு வயிறு தொண்டைக்கு வந்துவிடும். 13,000 அடியில் எங்கே வரும்?
- வங்கி ஊழியர், ஈரோடு

இருந்த இடத்திலேயே இருக்கும். ஜயண்ட் வீலில் மேலே வேகமே இல்லாத இடத்திலிருந்து திடீரென்று கீழே போகிறோம். விமானமோ மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. கதவை விட்டவுடன் அந்த வேகமும் நம்மோடு வருகிறது. முன்னாலிருந்து அடித்த காற்று கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்து அடிக்கத் தொடங்குகிறது. விழுகிறோம் என்ற உணர்வைவிட பலமான காற்றில் நிற்கிறோம் என்ற உணர்வுதான் மேலோங்கும்.

கேள்வி: பயம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. எனக்கும் அவ்வளவு பயிற்சி தேவையா?
- பொறியியல் மாணவர், சேலம்

உங்களுக்கு இரண்டு மடங்கு தேவை, தம்பி.

கேள்வி: குடை விரியவில்லை என்றால்?
- இதே கேள்வியை அனுப்பிய அத்தனை பேருக்கும்

இன்னொன்று இருக்கிறது. முதுகுப் பையில் எப்போதும் இரண்டு பாராசூட்: மெயின், ரிசர்வ். ரிசர்வை யார் வேண்டுமானாலும் மடிக்க முடியாது. அமெரிக்காவில் அரசாங்கச் சான்று பெற்ற ரிக்கர், அதாவது பாராசூட் வல்லுநர்தான் மடிக்க வேண்டும்; யாரும் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு முறை பிரித்துச் சோதித்துத் திரும்ப மடிக்க வேண்டும்.

மாணவர் சுமார் 5,500 அடியில் மெயினை விரிக்கிறார். அண்ணாந்து மூன்று விஷயம் பார்க்கிறார்: சதுரமாக விரிந்திருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா, திருப்பினால் திரும்புகிறதா. கயிறுகள் முறுக்கிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம், காலை உதைத்தே பிரித்துவிடலாம். எதற்கும் மசியவில்லை என்றால் 2,500 அடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். மார்புக்கு வலப்பக்கம் சிவப்புப் பிடி, இடப்பக்கம் வெள்ளிப் பிடி. சிவப்பைப் பார், பிடி. வெள்ளியைப் பார். சிவப்பை இழு, வெள்ளியை இழு. சிவப்பு கெட்டுப்போன மெயினைக் கழற்றிவிடும், வெள்ளி ரிசர்வை விரிக்கும். வரிசை மாறினால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளலாம். அதனால்தான் தரையில் தொங்கவிட்ட பட்டைகளில் மாட்டி, கை தானாகப் போகிறவரை இதையே செய்யச் சொல்வார்கள். அலுப்பாக இருக்கிறது என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பட்டையில் தொங்கும் நேரம்தான் முழுப் பயிற்சியிலும் விலை மதிப்பானது.

சிவப்பை இழுத்ததும் மெயின் கழன்றுகொள்ளும் அமைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கிய மூன்று வளையங்கள். 1970களில் பில் பூத் கண்டுபிடித்தது. ஒரு ஆளின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கும் அதை ஒரு சிறிய இழுப்பு விடுவித்துவிடும்.

கை கால் ஓடாமல் போய்விட்டால்? ரிசர்வ் பைக்குள் ஒரு சின்னக் கருவி விழித்துக்கொண்டிருக்கிறது. 1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ் இதில் புகழ்பெற்றது. தரைக்கு 750 அடி வாக்கில் வந்தபிறகும் ஆள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அதுவே ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்றை அறுத்துவிடும். அதை நம்பி யாரும் குதிக்கக் கூடாது, அது இல்லாமலும் மாணவர் குதிக்கக் கூடாது.

கேள்வி: சினிமாவில் நாயகனும் வில்லனும் விழுந்துகொண்டே பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறார்களே?
- தேனியிலிருந்து ஒரு ரசிகர்

அந்த வேகக் காற்றில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கைசாடைதான். பயிற்சியாளர் இரண்டு விரலை நீட்டினால் 'காலை நீட்டு'. மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினால் 'உயரம் பார்'. ஒற்றை ஆள்காட்டி விரல் நீட்டினால் 'இழு'. இந்தக் கடைசி வசனத்துக்கு மட்டும் எதிர்வசனம் கிடையாது.

கேள்வி: மழுப்பாமல் சொல்லுங்கள். எவ்வளவு ஆபத்து?
- மருத்துவர், நாகர்கோவில்

மழுப்ப மாட்டேன், டாக்டர். 2023இல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன, 10 பேர் இறந்தார்கள் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்கு. அதைப் படித்துவிட்டு 'ரோட்டில் போவதைவிட இது தேவலை' என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பத்து வீட்டில் அழுகை.

அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது வேறு. எல்லோரும் விரியாத குடையை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் இப்போது உயிரிழப்புகளிலும் எலும்பு முறிவுகளிலும் பெரும் பங்கு, அருமையாக விரிந்த குடையின் கீழே நடக்கிறது. தரைக்கு அருகில் வந்தபிறகு வேகமாகத் திருப்புவது, எதிரே மரமோ வேலியோ வந்ததும் ஒரு பக்கக் கயிற்றைச் சட்டென்று இழுப்பது, பழக்கம் வருமுன்னே சின்னக் குடைக்குத் தாவுவது. திருப்பும்போது குடை தலைகுனிந்து பாயும். நிமிர உயரம் வேண்டும். உயரம் இல்லையென்றால் தரை நிமிர்த்திவிடும். கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீழ்ச்சிக்குச் செலவழிக்கும் ஆர்வத்தில் பாதியையாவது குடை ஓட்டக் கற்பதில் காட்டுங்கள். இறங்கும் இடம் தவறினால் பரவாயில்லை, குடையை நேராக வைத்துப் பக்கத்து வயலில் இறங்குங்கள். நடந்து வரலாம்.

கேள்வி: மூட்டு வலிக்காரி நான். இறங்கும்போது கால் என்ன ஆகும்?
- இல்லத்தரசி, மதுரை

தரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது, குடையைத் திருப்ப உதவும் இரண்டு கைப்பிடிகளையும் ஒரே சீராகக் கீழே இழுத்தால் குடை வேகத்தைக் குறைத்து மெல்ல இறக்கிவிடும். கணக்குப் பிசகினாலும் வழி உண்டு: பாதம் இரண்டையும் முட்டி இரண்டையும் சேர்த்து வைத்து, முன்பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாக மண்ணில் பட உருண்டுவிடுவது. ராணுவ வீரர்களுக்கும் இதே பாடம்தான். டேண்டத்தில் பெரும்பாலும் உட்கார்ந்த வாக்கில் இறக்குவார்கள். முட்டி வீங்கியிருக்கிறது என்றால் மருத்துவர் சொல்லாமல் போக வேண்டாம்.

கேள்வி: சேலையில் குதிக்கலாமா?
- ஆசிரியை, தஞ்சாவூர்

குதித்தே விட்டார்கள். புணேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் 2018இல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கஜம் மராட்டியப் புடவையில் சுமார் 13,000 அடியிலிருந்து குதித்தார். 2004இல் வட துருவத்தில் குதித்தவர் அவர், 2011இல் பத்மஸ்ரீ. அவருக்கு முன்னோடி, இந்தியப் பெண்களில் முதல் ஸ்கைடைவர் ரேச்சல் தாமஸ். ஆனால் ஷீதல் அனுபவசாலி. படபடக்கும் துணி பிடிகளை மறைத்துவிடும் என்பதால், மாணவியான நீங்கள் ஜம்ப்சூட்டே போடுங்கள்.

கேள்வி: பாராசூட்டை யார் மடிப்பார்கள்?
- நெசவுத் தொழிலாளி, சென்னிமலை

துணி தெரிந்தவர் கேட்கிற கேள்வி! மெயினை மாணவரே மடிக்கக் கற்க வேண்டும். 'ஏ' லைசென்ஸுக்கு அதுவும் ஒரு நிபந்தனை. காற்றுப் புகாத நைலான், புதிதாக இருந்தால் மீன் போல வழுக்கும். தோளில் கயிறுகளைப் போட்டுக்கொண்டு, கொசுவம் வைப்பதைப் போலத் துணியை அறை அறையாக ஒதுக்கிச் சீராக்கி, தரையில் கிடத்தி, அதன் மேலேயே படுத்துக் காற்றை அழுத்தி வெளியேற்றி, பைக்குள் திணிக்க வேண்டும். புதியவருக்கு ஒரு மணி நேரம் ஆகும், முழங்காலும் தேயும்.

கயிறுகளுக்கு நடுவே ஸ்லைடர் என்று ஒரு சிறு செவ்வகத் துணி இருக்கும், நான்கு மூலையிலும் வளையத்தோடு. அதைக் குடையின் அடிவரை ஏற்றிவைப்பதை மறக்கவே கூடாது. குடை விரியும்போது அது காற்றை எதிர்த்து மெதுவாகக் கயிற்றில் இறங்குகிறது. அதனால்தான் குடை படாரென்று விரிந்து உடம்பை உலுக்காமல் நிதானமாக விரிகிறது.

கேள்வி: எழுபது வயதில் ஆசைப்படுவது தப்பா?
- ஒரு தாத்தா, காரைக்குடி

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 2014இல் தன் தொண்ணூறாவது பிறந்தநாளன்று டேண்டம் குதித்தார். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தவர். 1944இல், போரில் சுடப்பட்ட விமானத்திலிருந்து உயிர்தப்பக் குதித்தபோது அவருக்கு இருபது வயது. நீங்கள் நடுவயதுக்காரர், தாத்தா. ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொண்டு, டேண்டத்துக்குப் போங்கள்.

கேள்வி: எங்கே போய்க் கற்பது? செலவு?
- ஐ.டி. ஊழியர், சிங்கப்பூர்

நீங்கள் இருக்கும் ஊரிலேயே தொடங்குங்கள். செந்தோசாவில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து உடம்பை வளைத்து நிறுத்தப் பழகிவிட்டு ஏ.எஃப்.எஃப். போனால், வானத்தில் அந்தப் பாடத்துக்காகப் பணம் கொட்ட வேண்டியதில்லை. பிறகு தாய்லாந்து பக்கம். துபாய் வாசகர்களுக்குப் பாலைவனத் தளத்தில் பயிற்சி உண்டு. இந்தியாவில் ஹரியானாவின் நார்னௌலில் டேண்டம் கிடைக்கிறது. முழுப் பயிற்சிக்கும் லட்சங்களில்தான் பேச வேண்டும். மலிவாகச் சொல்கிற இடத்தில் பயிற்சியாளரின் தகுதிச் சான்றையும், ரிசர்வ் கடைசியாக மடிக்கப்பட்ட தேதியையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

கேள்வி: தாய்லாந்து டூரில் காலையில் ஸ்கூபா, மதியம் ஸ்கைடைவிங் என்று போட்டிருக்கிறோம். சரியா?
- புதுமணத் தம்பதி, கோவை

மாற்றுங்கள். ஸ்கூபாவில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகக் கிளம்பும். முதலில் வானம், பிறகு கடல். கடல் முதலில் என்றால் 24 மணி நேரம் இடைவெளி. அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று புதுமணத் தம்பதிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கதவுவரை போய்விட்டுக் குதிக்க மனம் வராமல் திரும்பினால் சிரிப்பார்களா?
- பெயர் வேண்டாம், சென்னை

சிரிக்கிற இடத்தில் கற்காதீர்கள். மேகம் சூழ்ந்தது, காற்று கூடிவிட்டது, மனம் ஒப்பவில்லை, எதுவானாலும் விமானத்திலேயே இறங்குவது எந்த மாணவருக்கும் உள்ள உரிமை, அனுபவசாலிகளும் இறங்குகிறார்கள். தலையை ஆட்டினால் போதும், பயிற்சியாளர் புரிந்துகொள்வார். விமானிக்கும் அவர் சொல்லிவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரிசர்வ் பைக்குள் விழித்திருக்கும் என்றேனே, அந்தத் தானியங்கிக் கருவி மாணவர்களுக்குக் குறைந்த வேகத்திலேயே வேலை செய்யும்படி வைக்கப்பட்டிருக்கும். விமானம் செங்குத்தாக இறங்கினால் நீங்கள்தான் விழுகிறீர்கள் என்று நினைத்து உள்ளேயே ரிசர்வை விரித்துவிடலாம். அதனால் விமானி மெதுவாக இறக்க வேண்டும். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையால் பிடிகளை மறைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக ஊரைப் பாருங்கள்.