லோடு கிடைக்கும்வரைதான் வீடா?

"எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டால், "லோடு ஆகுற வரைக்கும்" என்கிறார் என் வீட்டுக்காரர். இது என்ன கணக்கு?
– லாரி ஓட்டுநரின் மனைவி, சங்ககிரி

அவர் மழுப்பவில்லை சகோதரி, அவருக்கே தெரியாது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிராவில் இறக்கி, நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றித் திரும்பினால் ஒரு நடை. அந்த வெங்காயம் கோவையில் இறங்குமா, கோயம்பேட்டில் இறங்குமா என்பது வியாபாரி கையில் இருக்கிறது. இறக்கிய இடத்திலேயே அடுத்த லோடு அமைந்துவிட்டால் வண்டி சங்ககிரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஊருக்கு வந்தாலும் டயர் பார்த்து, கிரீஸ் அடிக்கிற அவகாசம்தான். புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பெரும்பாலும் கிடையாது. நடைக்குச் சம்பளம், நாளுக்குப் படி. வண்டி உருண்டால்தான் இரண்டும். மகள் காதுகுத்துக்கு நாலு நாள் தங்கினால் விருந்துச் செலவோடு நாலு நாள் வரும்படியும் போகும். தன் வீட்டில் தங்குவதற்குத் தானே காசு கொடுக்கிறார் ஓட்டுநர். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா?
– வழக்கறிஞர், திருச்செங்கோடு

உங்களுக்குத் தெரியாததா! மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது இது: நாளுக்கு 8 மணி நேர வேலை. தூர வழித்தடங்களில் அனுமதியோடு 10. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுப்பு. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுமுறை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்தது. நல்ல மாற்றம். ஆனால் 1961 சட்டம் பேசியது ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களைப் பற்றி. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனர்களிடம்தானே நம் ஓட்டுநர்களில் பலர் இருக்கிறார்கள்? வருகைப் பதிவேடே இல்லாத வேலையில் 180 நாளை யார் எண்ணுவது?

அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு வாராவாரம் வீடாமே?
– வாசகர், துறையூர்

அப்படி விதி இல்லை. அங்கே 8 நாளில் 70 மணி நேர வேலை என்பது ஒரு வரம்பு. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த 34 மணி நேரத்தை நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில், கேபினிலேயே படுத்துக் கழிப்பவர்கள் உண்டு. ஓய்வு கிடைத்துவிடுகிறது, வீடு கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேல். முழு வார ஓய்வான 45 மணி நேரத்தைக் கேபினில் கழிக்கவே கூடாது. நான்கு வாரத்துக்குள் ஓட்டுநர் வீடு திரும்பும்படி நிறுவனம் வேலையைத் திட்டமிட வேண்டும் என்று 2020-ல் விதியும் போட்டார்கள். நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஜிஎஸ்டி வந்து சோதனைச்சாவடி போச்சு, ஃபாஸ்டேக் வந்து டோல்கேட் வரிசை குறைஞ்சது. மிச்சமான நேரம் எங்கே?
– ஓய்வுபெற்ற ஓட்டுநர், நாமக்கல்

கொஞ்சம் குடோன் வாசலில், லோடு இறக்க ஆள் வரும்வரை. மீதி அடுத்த நடையில்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வண்டிகள் எப்படி ஊர் வந்து சேர்கின்றன?
– ஆசிரியை, ராசிபுரம்

ஓனர் முன்கூட்டியே நாள் குறிப்பதால். பூஜைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டுமென்று லோடை அதற்கேற்பப் பிடிக்கிறார்கள். வண்டிக்கு முடிகிற ஏற்பாடு ஓட்டுகிறவருக்கும் முடியும்.

வந்ததும் தூங்குகிறார், எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். எரிச்சலாக வருகிறது.
– இன்னொரு மனைவி, பரமத்தி வேலூர்

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. குழந்தை, மாமியார், ரேஷன், பள்ளி எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தவர் நீங்கள். ஆனாலும் முதல் நாளை அவருக்கு விட்டுவிடுங்கள். நடுராத்திரி பைபாஸ் பங்க்கில் வண்டியைப் போட்டுவிட்டு, அழுக்குத் துணியும் கேபின் குக்கரும் அடைத்த பையோடு யார் பைக்கிலாவது ஏறி வருகிற மனிதர் அவர். எத்தனை இரவு ஒழுங்காகத் தூங்கினாரோ! வங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் இரண்டாம் நாள் இருக்கட்டும். லைசென்ஸ் தேதியை மட்டும் நீங்கள் காலண்டரில் குறித்து வையுங்கள்: கனரக வண்டிக்கு 5 ஆண்டு, கேஸ் டேங்கர் போன்ற ஆபத்தான சரக்குக்கு 3 ஆண்டு. அவர் ஊரில் இருக்கும்போதே ஆர்டிஓ ஆபீஸ் வேலையை முடித்துவிடலாம்.

எனக்கு இரண்டு லாரி. டிரைவர் லீவு போட்டால் வண்டி நிற்கிறது. பைனான்ஸ் தவணை நிற்குமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

நிற்காது, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. இரண்டு வண்டிக்கும் பொதுவாக ஓட்டுநர் ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்து ஒருவர் வீட்டில் இருப்பார். யாரென்றே தெரியாத ஆக்டிங் டிரைவரிடம் கடைசி நேரத்தில் சாவி கொடுக்க வேண்டியிராது. வீட்டு நாளுக்குப் பாதிப் படியாவது கொடுங்கள். அந்தப் பணத்தை வாடகை பேசும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், டீசலையும் டோலையும் சேர்ப்பதுபோல.

ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டேன். வேலைக்குச் சேரும்போது என்ன கேட்கணும்?
– இளைஞர், எடப்பாடி

சம்பளத்தோடு மூன்று கேளுங்கள் தம்பி. எத்தனை நடைக்கு ஒருமுறை வீடு? அந்த நாளுக்குப் படி எவ்வளவு? வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் பாதி வழியில் யார் மாற்று? பதிலை உங்கள் நோட்டில் ஓனர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.