லீக்கா, கோப்பையா?

கேள்வி: ஹாக்கியில் லீக், கோப்பை என்று தனித்தனியாக எதற்கு? எது பெரிது?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: லீக் பள்ளிக்கூடம் என்றால், கோப்பை முழு ஆண்டுப் பரீட்சை. லீக்கில் இன்று தோற்றால் நாளை ஈடுகட்டலாம். கோப்பையில் அரையிறுதிக்கு வந்துவிட்டால் சறுக்கினவனுக்கு மறுநாள் கிடையாது.

இரண்டுமே நமக்குச் சொந்தம். 1901-இல் தொடங்கிய எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை நம் சென்னையின் சொத்து. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழகத்துக்கு அணியே இல்லை. 2024 டிசம்பரில் லீக் மீண்டும் தொடங்கியபோது ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ பிறந்தது. முதல் பருவத்திலேயே நான்காம் இடம்!

2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், மலேசியாவிடம் 1-3 எனப் பின்தங்கிய இந்தியா 4-3 என்று வென்றது. அணியில் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வமும் இருந்தார்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிவிடலாம். ஆட்டத்துக்கு முன்பே போங்கள். நீல நிறத் தரையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஈரத்தில் பந்து வழுக்கிப் பறக்கும், மட்டையில் பட்டதும் ‘டக்’கென்று காதில் விழும். செஸ் ஒலிம்பியாடையே வரவேற்ற ஊர் உங்களுடையது. பிள்ளைகள் கையில் ஒரு ஹாக்கி மட்டையையும் கொடுங்கள், அதுதான் பெரிது!