நாலு கதவு, ஐந்து முதலாளிகள்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: தமிழ்நாட்டில் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் எந்தக் கார் துருப்பிடித்துக் கிடக்கிறது? மகன் அம்பாசடர் கட்சி. மகள் ஃபியட். மாமனாருக்கு ஸ்டாண்டர்டு தவிர வேறு எதுவும் காரே இல்லை. அது மெட்ராசுக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டி. மற்றதெல்லாம் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவை, அவற்றுக்கும் நமக்கும் என்ன ஒட்டு உறவு என்று கேட்பார். எனக்குக் கட்சி கிடையாது. பணம் கட்டுகிறவனுக்குக் கட்சி எதற்கு?

விளம்பரத்தில் எழுதியிருப்பதை நாங்கள் படிப்பதில்லை. எல்லாக் காரும் டாக்டர் ஓட்டிய காராகவே இருக்கிறது. அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியை எப்போது பார்த்தார்கள் என்றே தெரியவில்லை. படத்தைப் பார்ப்பது மட்டும் என் மனைவியின் இலாகா. "ஏனுங்க, எல்லாப் படமும் இடது பக்கத்துலயே எடுத்திருக்காங்க. வலது பக்கம் கதவு இருக்குதான்னு கேளுங்க" என்றாள் ஒருநாள். கேட்டேன். இருக்கிறதாம், பரண் மேல். இன்னொரு வண்டியைத் தட்டிக்கழிக்க அவளுக்கு ஒரு கோழி போதுமானதாக இருந்தது. "டிக்கி மேல உக்காந்திருக்கற தோரணையப் பாருங்க. அந்தக் கோழி பொறந்ததுல இருந்து வண்டி நகந்ததே இல்லை."

நேரில் போனால் மாமனார் முறை. திருப்பதியில் வாங்கிய ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும், அதில் வெங்கடாசலபதி. துரு தின்று ஓட்டை விழுந்த தகரத்தைப் பட்டி வைத்துப் பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். பெருமாள் நின்றால் தகரம், விழுந்தால் பட்டி. பல்லடம் பக்கம் ஒரு வண்டியில் பானெட் தொடங்கி டிக்கி வரை எங்கே வைத்தாலும் சுவாமி கீழே விழுந்துகொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கேட்காமலேயே ஐயாயிரம் குறைத்தார்.

முதலில் வாங்கியது ஒரு பிரீமியர் பத்மினி. 1,089 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உதிரிப் பாகம் கிடைத்தது, மெக்கானிக் கிடைத்தார், வண்டி ஓடியது. ஓடிய பிறகு வீட்டில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு மூலையில் படுத்துக் கிடந்தோம். ஓடுகிற காரைப் பற்றிக் குடும்பமாக உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது?

அந்த வெறுமையில்தான் மாமனார் கட்சி ஆட்சியைப் பிடித்தது. தாராபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்த கார். வடிவம் போட்டுக் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. வெள்ளைக்காரன் இரண்டு கதவோடு நிறுத்திக்கொண்டான். பின்சீட்டில் மாமியாரைக் குனியவைத்து ஏற்றுகிற சங்கடத்தை நினைத்துப் பார்த்தார்களோ என்னவோ, வண்டலூரில் பிற்பாடு நாலு கதவு வைத்துவிட்டார்கள். எங்களுடையது அந்த நாலு கதவு வண்டி. லாரியில் ஏறி வந்தது. வந்த அன்று அதற்குக் கதவு நாலும் இருந்தன.

மற்ற கார்கள் ஒரே கூடாக இருக்கும். ஹெரால்டுக்குக் கீழே தனியாகச் சேசிஸ். அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கழற்ற முடிகிற ஒரு பொருளை எங்கள் குடும்பத்திடம் கொடுத்தால் என்ன ஆகும்? மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மல்லாந்து திறக்கிற அந்தப் பானெட் மொட்டைமாடிக்குப் போனது. கவிழ்த்து வைத்தால் வடகம் காயப்போடலாம் என்று அனுமதி கிடைத்தது. கதவுகள் மாடிப்படிக்கு அடியில். பின்சீட் டி.வி.க்கு எதிரில், வருகிற உறவினர்கள் சோபாவை விட்டுவிட்டு அதில்தான் உட்காருகிறார்கள். கார்பரேட்டர் ஒரு டிபன் பாக்ஸில் இருந்தது. மகள் அதை ஒருநாள் மதியச் சாப்பாடு என்று கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டாள்.

கழற்றினோம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தோப்பில் வருஷக்கணக்காக மழையில் கிடந்த போல்ட், ஸ்பேனரைப் பார்த்துப் பயப்படாது. படுக்கப் போகும்முன் மண்ணெண்ணெய் விட வேண்டும். காலையில் சுத்தியலால் நாலு பக்கமும் தட்ட வேண்டும். பிறகு ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் திருப்பினால், முதலில் ஸ்பேனர் நழுவும். விரல் முட்டித் தோல் உரியும். பெங்களூரிலிருந்து மகன் வீடியோ காலில், "தாத்தா, இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுங்க" என்பான். சட்டையில் கறை படாதவன் சொல்கிற யோசனைக்கு வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை மட்டும் கையில் இருக்கும், உடம்பு சேசிஸுக்குள் இருக்கும். "பாதி வந்துருச்சுல்லங்க மாப்பிள்ளை" என்பார் மாமனார்.

ஹெரால்டுக்குச் சாமான் கிடையாது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பெயரைச் சொன்னதும், கடைக்காரர் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆனால் நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். பம்பு செட்டில் பிழைத்த ஊர். தேய்ந்துபோன புஷ்ஷைச் சந்துக்குள் இருக்கிற லேத் பட்டறையில் கொடுத்தால், கண்ணருகே பிடித்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்து வாங்கிக்குங்க" என்று முடித்துவிடுவார்கள். என்ன காருக்கு என்றுகூடக் கேட்பதில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவோம் என்று நினைக்கிறார்களோ?

பெயிண்ட் விஷயத்தில்தான் குடும்பம் இரண்டுபட இருந்தது. எமரி தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கிரீமுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே கருநீலம், அதற்கும் கீழே ஒரு சாம்பல். அவரவருக்குப் பிடித்த நிறம் வந்ததும் "இதுதான் ஒரிஜினல், நிறுத்து!" என்று கத்தினோம். சாம்பல் ஜெயித்தது. அதற்குக் கீழே தகரம்தான்.

கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிக் கார் எழுந்து நின்றதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் விவகாரம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி போட்டிருக்கிறது. விண்டேஜ் என்று புதிதாகப் பதிய 20,000 ரூபாய். வண்டி பழசு என்பதை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இந்த மாதிரி வேலைகளுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். மகள் இதைச் சத்தமாகப் படித்தபோது ஒருவர் முகமும் வாடவில்லை. இந்தக் கார் வேறு எதற்கு வெளியே போகப்போகிறது?

கார் தயாரான செய்தி சொந்தக்காரர்களுக்கு எப்படியோ போய்விடுகிறது. போன வாரம் என் மைத்துனியின் சம்பந்தி வீட்டிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் ஹெரால்டு வேண்டுமாம், போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். நான் சட்டத்தை எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். மாமனார் முந்திக்கொண்டார்.

"அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துக்குங்க. மண்டபத்துக்குப் பக்கத்துல பெட்ரோல் பங்க் இருக்குதுங்களா?"