ஒரு சாண் ஆகாயம்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையில், பெரியதாழைக்குப் பக்கத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் நின்றால் வீலிங் வீரரைத் தரிசிக்கலாம். கண்ணை அகலத் திறந்துகொண்டு காத்திருக்க வேண்டாம். சைலன்சரை மாற்றியிருப்பதால் மணப்பாட்டில் புறப்படும்போதே இங்கே காதில் விழுந்துவிடும்.

வண்டி ஹிமாலயன். 411 சிசி, ஏறத்தாழ 200 கிலோ. முன்பணம் கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் கட்டியது. மாதத் தவணை அம்மா கட்டுவது. பெட்ரோல் மட்டும் சொந்த உழைப்பு, அதாவது கெஞ்சி வாங்கியது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. ஹேண்டிலில் லடாக் போய் வந்தவர்கள் கட்டும் ஐந்து நிறக் கொடிகள். வீரர் இதுவரை போன அதிகபட்சத் தூரம் நாகர்கோவில். அதுவும் சர்வீசுக்கு.

மலையேறவும் நெடுந்தூரம் போகவும் செய்த வண்டி அது. வெறுமனே முறுக்கினால் முன்சக்கரம் அசைந்து கொடுக்காது. ஆகவே முதல் கியரில் கிளட்சைப் பிடித்து, ரேஸ் ஏற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கிளட்சைச் சட்டென்று விடுகிறார். சக்கரம் ஒரு சாண் எழும்புகிறது. ஓரத்தில் செல்போனைப் பிடித்திருக்கும் தம்பி, "சரியா விழலண்ணே, இன்னொரு தடவ" என்கிறான். மறுபடியும். ஸ்லோ மோஷனில் ஒரு சாண் ஒரு முழமாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். கிளட்ச் கருகும் வாசனை கருவாட்டு வாசனையையும் மீறிக்கொண்டு வருகிறது. பெரியதாழையில் அது லேசுப்பட்ட சாதனை இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மீன்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருவார். பின்னால் ஐஸோடு பெட்டி நிறையச் சாளை. வேகத்தடையில் ஏறினால் முன்சக்கரம் தானாகவே எழும்பும். அதை அமுக்குவதற்காகவே மனிதர் ஹேண்டில் மேல் கவிழ்ந்து ஓட்டுகிறார். "லேய் மக்கா, எனக்கு எறங்க மாட்டேங்கு, ஒனக்கு ஏற மாட்டேங்கு. வண்டிய மாத்திக்கிடுவமா?"

வீரரின் அப்பாவுக்கும் இதே பாடுதான். வள்ளம் அலையில் ஏறும்போது அணியம் ஆளுயரம் தூக்கும். அதை அடக்கிக் கடலுக்குள் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும், பைக் தவணையும் போகும். அதற்கு இன்றுவரை ஒரு லைக்கும் விழவில்லை.

வீரருக்கு முன்னோடி உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் தாமல் அருகே யூடியூபர் டி.டி.எஃப். வாசன் ஹயபுசா பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டார். வீலிங் செய்ய முயன்றார் என்பது போலீஸ் வழக்கு. கை முறிந்தது, ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு முடக்கப்பட்டது. பைக்கை எரித்துவிடலாம், சேனலை மூடிவிடலாம் என்கிற அளவுக்கு ஜாமீன் விசாரணையில் உயர் நீதிமன்ற நீதிபதி கடிந்துகொண்டார். இதை நம் வீரரிடம் எடுத்துச் சொன்னால், "அது 266 கிலோண்ணே, நம்ம வண்டி வெயிட் கம்மி" என்று கணக்குச் சொல்வார். முன்சக்கரம் தூக்கிவிடாமல் தடுக்கப் புது ஹயபுசாவில் சுசுகியே ஒரு மின்னணு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஜப்பான்காரன் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை எப்படி அணைப்பது என்பது இவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஹயபுசாதான் இல்லை.

கொஞ்ச நாளில் ஹிமாலயன் விற்பனைக்கு வரும். 'டூரிங் மட்டும், சிங்கிள் ஓனர், டயர் புதுசு' என்று விளம்பரம் சொல்லும். டயர் விஷயம் உண்மைதான். வண்டி நாகர்கோவிலைத் தாண்டினால்தானே தேயும். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன் ஃபோர்க்கை விரலால் தடவிப் பாருங்கள், எண்ணெய் பிசுபிசுத்தால் ஆயில் சீல் போய்விட்டது. ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள், நடுவில் சிக்கினால் கோன் செட்டும் போயிற்று. கூச்சப்படாமல் பத்தாயிரம் குறைத்துக் கேளுங்கள். தந்துவிடுவார். அத்தான் பணம்தானே.