கௌதமனைக் காணவில்லை

கே: கைப்பேசியில் படிக்க எந்த எழுத்துரு நல்லது? (ம.ரா., நெல்லித்தோப்பு)

ப: பெரியது.

கே: என் பெயர் கௌதமன். குடியிருப்போர் சங்கப் பட்டியலில் தேடினால் 'இல்லை' என்கிறது கணினி. கண்ணால் பார்த்தால் இருக்கிறேன். என்ன மாயம்? (லாஸ்பேட்டை)

ப: நீங்கள் கௌதமன். பட்டியலில் இருப்பவர் கெ-ள-தமன். அடித்தவர் ஔகாரக் குறியைத் தேடச் சோம்பல்பட்டு, ககரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைக் காவலுக்கு நிறுத்திவிட்டார். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ஆனால் கணினி கண்ணால் படிப்பதில்லை, எண்ணால் படிக்கிறது. கௌசல்யா, மௌனம், பௌர்ணமி எல்லாருக்கும் இதே கதி. ஔவையாரே பாதி இடங்களில் ஒ-ள-வையாராகத்தான் உலவுகிறார். பெரியார் அந்தக் காலத்திலேயே ஔ வேண்டாம், 'அவ்' போதும் என்றார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ணா, றா, னா, ணை, லை போன்றவற்றைச் சீர்செய்தபோது ஔ மட்டும் நழுவிவிட்டது. அன்றைக்கே பிடித்திருந்தால் இன்றைக்கு நீங்கள் கவுதமன், நிம்மதியாக இருந்திருப்பீர்கள். சோதனை வேண்டுமா? பட்டியலில் வெறும் 'ள' என்று தேடுங்கள். உங்கள் பெயர் மஞ்சளாக மின்னினால் களவு பிடிபட்டது. செயலாளரிடம் சொல்லி அழித்துப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். சந்தா பாக்கி இருந்தால் சொல்லாதீர்கள்.

கே: 'பாண்டிச்சேரி' என்பதே எழுத்துப்பிழை என்கிறார்களே? (முத்தியால்பேட்டை)

ப: கதை அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை 'யூ' போட்டு எழுத, யாரோ ஒரு புண்ணியவான் அதை 'என்' என்று படித்தாராம். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஈய எழுத்துக் கோத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: சின்ன யூவைத் தலைகீழாகச் செருகினால் என். பெயரைத் திருத்த 2006 ஆயிற்று. பெங்களூரிலிருந்து சனிக்கிழமை வரும் கார்க்காரர்களுக்கு இன்னும் 'பாண்டி'தான். மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுக்கும் அவசரத்தில் தெருப் பலகையை யார் படிக்கிறார்கள்?

கே: வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் போட்டால் 'தவறு' என்றே வருகிறது. (உப்பளம்)

ப: ஐந்தாவது இடத்தில் ஓ போட்டிருப்பீர்கள். அது பூஜ்யம். எந்த வங்கியானாலும் பூஜ்யம். இந்த வம்பே வேண்டாமென்றுதான் வண்டி எண் வரிசையில் ஐ, ஓ எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். நம் வாசலை மறித்து நிற்கும் பெங்களூர்க் காரின் எண்ணைப் பிழையில்லாமல் குறித்துக்கொள்ளலாம்.

கே: வங்கி அனுப்பியது போலவே வந்த குறுஞ்செய்தியை நம்பி அம்மா பணத்தை இழந்துவிட்டார். இணைப்பில் எல் இருக்க வேண்டிய இடத்தில் ஐ. இதுகூடத் தெரியவில்லையா என்று கத்திவிட்டேன். (பெயர் வேண்டாம், கோரிமேடு)

ப: உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஏரியல் போன்ற எழுத்துருவில் பெரிய ஐயும் சின்ன எல்லும் ஒரே நட்ட குச்சி. 1996-இல் வந்த வெர்டானாவில் மேத்யூ கார்ட்டர் ஐக்குத் தலையிலும் காலிலும் கோடு போட்டார். ஆனால் குறுஞ்செய்தி எந்த எழுத்துருவில் தெரியும் என்பது அம்மா கையில் இல்லை. ரஷ்ய எழுத்து 'ஏ'யைச் செருகினால் எந்த எழுத்துருவும் காப்பாற்றாது. அதனால் உற்றுப் பார்ப்பது பாதுகாப்பே அல்ல. வந்த இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியை நாமே திறப்பதுதான் வழி. இன்னும் புகார் செய்யவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடியும், தாமதித்தால் கஷ்டம். பிறகு அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கே: பிள்ளையார் சுழி, உகரம், தமிழ் எண் இரண்டு, மூன்றும் ஒரே மாதிரி. அந்தக் காலத்தில் குழம்ப மாட்டார்களா? (வில்லியனூர்)

ப: மளிகைச் சீட்டின் தலையில் இருந்தால் பிள்ளையார். உளுந்துக்குப் பக்கத்தில் இருந்தால் படி.