மொரப்பூரா, மொரப்பாக்கமா?

கேள்வி: பழைய கிரிக்கெட் வீரர் எம்.ஜே.கோபாலன் எங்கள் ஊர்க்காரர்தான் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். பந்தயம் கட்டலாமா?
- ஒரு வாசகர், மொரப்பூர்

பதில்: கட்டிவிடாதீர்கள், காசு போய்விடும்! அந்த 'எம்', செங்கல்பட்டுப் பக்கத்து மொரப்பாக்கம். ஆனாலும் தர்மபுரி மாவட்டத்து டீக்கடையில் 1909-ல் பிறந்த ஒரு மனிதரின் பெயர் அடிபடுகிறதே, மனசு நிறைந்துவிட்டது. அடுத்த முறை இதைச் சொல்லிப் பந்தயம் கட்டுங்கள், ஜெயிப்பீர்கள்: ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது! ஏ.ஜி.ராம்சிங்குக்கு மட்டும் 11 விக்கெட்.

கேள்வி: ஒலிம்பிக் தங்கத்தைக் கோட்டைவிட்டவர் என்கிறாரே என் தாத்தா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தாத்தா சொல்லும் சம்பவம் சரி, 'கோட்டைவிட்டவர்' என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். கோபாலன் ஹாக்கியிலும் புலி. 1935-ல் தியான் சந்தோடு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போய் ஆடிவிட்டு வந்தவர். மறு வருஷம் இரண்டு பக்கமும் வாசல் திறந்திருந்தது: ஹாக்கிக்கு பெர்லின், கிரிக்கெட்டுக்கு இங்கிலாந்து. இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே நடந்த மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. ஆகஸ்ட் 15-ல் பெர்லினில் நம் அணி ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. முடிவு தெரிந்த பிறகு நாம் கணக்குப் பார்க்கிறோம். கப்பலேறும்போது அவர் கையில் அந்த ஸ்கோர் இல்லையே! அதற்கு முன் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட். வேகப்பந்து வீசுகிறவருக்கு இன்னொரு டெஸ்ட் ஆடும் ஆசை இருக்காதா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

கேள்வி: வெளிநாட்டிலும் இப்படி ஆட்டம் மாறியவர்கள் உண்டா?
- ஒரு கல்லூரி மாணவர், அரூர்

பதில்: ரக்பியில் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே மில், சுரங்கத் தொழிலாளிகள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டிக் கொடுக்கலாமா என்ற சண்டையில்தான் 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் தனிச் சங்கம் பிறந்தது. இன்றைய ரக்பி லீக் அதுதான். அணிக்கு 13 பேர். சிட்னியின் டேலி மெசெஞ்சர் 1907-ல் பழைய ரக்பியை விட்டு இந்தப் பக்கம் வந்தார். பழைய வாசல் அவருக்கு அடைபட்டது. கூலி கேட்டது ஒரு குற்றமா? படிக்கும்போதே கோபம் வருகிறது.

கேள்வி: கோபாலன் பெயரில் என்ன இருக்கிறது?
- ஒரு ஆசிரியர், பென்னாகரம்

பதில்: கோபாலன் கோப்பை. சென்னைக்கும் இலங்கைக்கும் 1950-களில் தொடங்கிய போட்டி. இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது 1982-ல்; அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த வீரர்கள் கோபாலன் பெயருக்காக மோதியிருக்கிறார்கள். 2003 டிசம்பரில் சென்னையில் மறைந்தார், வயது 94.